பெண் பார்க்கும் இடத்தில் ஒரு முதலை

கண்டெடுத்தது எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால், நக்கிப் பார்த்துவிட வேண்டும். நிலவியல் படித்தவர்கள் பலரும் செய்வதுதான் (வெளியில் சொல்ல மாட்டார்கள்). பழங்கால எலும்பில் நுண்ணிய துளைகள் இருப்பதால் ஈர நாக்கில் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். கல் ஒட்டாது. நான் நக்கியதில் தப்பே இல்லை. நக்கிய இடம்தான் தப்பு.

அரியலூரில் எங்கள் வீடு. எம்.எஸ்சி. முடித்திருந்தேன். டைனோசர் காலத்து முதலை இனம் ஒன்று நம் பக்கத்திலும் வாழ்ந்தது என்று நிரூபித்தே தீருவேன் எனக் கல்லமேட்டு ஓடையில் மாதக்கணக்காக வெயிலில் வாடினேன். கிடைத்ததெல்லாம் காலில் முள். அப்பா பொறுமையிழந்தார்.

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க. அதுக்குள்ள ஏதாச்சும் கெடச்சா மேல படி. இல்லன்னா சுத்துனது போதும்."

அந்த ஞாயிறு காலையிலும் ஓடைக்கு ஓடினேன் (வீட்டில் சொன்னது கோயிலுக்கு, கல்லங்குறிச்சிப் பெருமாள் மன்னிப்பாராக). மண்ணுக்குள்ளிருந்து கட்டைவிரல் நகம் அளவில் ஒரு தகடு எட்டிப் பார்த்தது. மேலே பணியாரக்கல் மாதிரி குழி குழியாக! முதலையின் முதுகுக் கவசம் அப்படித்தான் இருக்கும். தோண்டி எடுத்தேன். நக்கிப் பார்ப்பதற்குள் அண்ணன் வண்டியோடு வந்து, திட்டிக்கொண்டே என்னை அள்ளிப்போனான்.

பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் காபித் தட்டு, இடுப்பில் செருகிய முதலை. எல்லாருக்கும் காபி கொடுக்கும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. காலண்டரைப் பார்ப்பது போல் சுவர்ப் பக்கம் திரும்பி, தகட்டை நாக்கில் வைத்தேன்.

ஒட்டியது!

"பேரு என்னம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

திரும்பி வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை, முதலைதான் வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா குடித்த காபியை மூக்கு வழியாகத் திருப்பிக் கொடுத்தார். "பொண்ணு மண்ணு திங்குமா?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

நான் தகட்டைப் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். "அப்பா, கெடச்சிருச்சு! எலும்புதான்! டைனோசரோட திரிஞ்ச மொதல!"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"இங்க குடு."

வாங்கினார், முந்தானையில் துடைத்தார், தன் நாக்கில் வைத்தார். அவருக்கும் ஒட்டியது.

"அம்மா!" என்று அலறினார் மாப்பிள்ளை.

"சும்மா இருடா. நீ வயித்துல இருந்தப்ப பாதிச் செவுத்தத் தின்னவ நான்" என்றவர், அப்பாவிடம் திரும்பினார். "பொண்ணு படிக்கட்டுங்க. கல்யாணத்த அப்பறம் வச்சுக்கலாம்."

அப்பா சொன்ன சொல் மாறவில்லை. அழிந்துபோன ஒரு முதலை உறவுக்காரனின் கவசத் தகடுதான் அது என்று பேராசிரியரும் உறுதி செய்தார். அதைக் கொண்டே பட்டம் வாங்கினேன். என் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று அச்சாகியிருந்தது. மாப்பிள்ளை, அன்று அலறியவரேதான்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் இந்தக் கதையை எடுத்துவிடுவார். கதை வருடா வருடம் கொஞ்சம் வளர்ந்து, இப்போது இப்படி முடிகிறது:

"இவ சும்மா நாக்குல ஒட்ட வச்சுக்கிட்டு முழிச்சா. மொதலன்னு கண்டுபுடிச்சதே நாந்தாங்க!"