முப்பது நாள் மிதிக்காத நாய்

எங்கள் ஊர்க் கடைத்தெருவின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் உருகுவே, அந்தப் பக்கம் பிரேசில். காப்பித்தூள் வாங்க நாங்கள் அந்தப் பக்கம் போவோம். ரொட்டி வாங்க அவர்கள் இந்தப் பக்கம் என் கடைக்கு வருவார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கேட்டதில்லை. நாய்களிடம் கேட்டதாகவும் தகவல் இல்லை.

இந்த நிம்மதியைக் கெடுத்த புண்ணியவதி என் பக்கத்து வீட்டு எல்பியா. முப்பத்து நாலு வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள். தபால்தலை ஒட்டாத கடிதத்தைப் பார்த்தாலே அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அறுபத்தோரு வயதில் அவளுக்கும் அந்தப் பக்கம் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் வால்டெசிருக்கும் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் குடிபோக வேண்டியது அவருடைய எதிர்வாடை வீட்டுக்கு; எண்ணி இருபத்திரண்டு அடி. கூடவே அவள் நாய் தம்போரும் குடிபோக வேண்டும். பதிமூன்று வயதுக் கிழ நாய். அது வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"நாயை நான் தூக்கிட்டு வந்துடறேன், விடு" என்றார் வால்டெசிர்.

"வெளிநாட்டுக்குக் குடிபோறோம். முறைன்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு எல்பியா போய்க் கேட்டாள். கேட்டதுதான் தப்பு.

பிரேசில் பக்கத்துக் கால்நடை அலுவலகத்தில் ஓடிலோன் என்று ஓர் அதிகாரி. இருபது வருஷமாக அவரிடம் யாரும் எதற்கும் விண்ணப்பித்ததில்லை. எல்பியா கேட்டதும் எழுந்து, மேலங்கியை மாட்டிக்கொண்டு, சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டினார்.

"மேற்படி பிராணி, நுழைவுக்கு முந்தின முப்பது நாள் பிரேசில் மண்ணை மிதிச்சிருக்கக் கூடாது. அப்பதான் பிரேசிலுக்குள்ள வரலாம்."

"அது தினமும் வருதே சார்."

"எங்க வருது?"

"உங்க மேஜைக்கு அடியிலதான். ஃபேன் காத்து நல்லா வருதுல்ல."

ஓடிலோன் குனிந்து பார்த்தார். தம்போர் வாலை ஆட்டியது. அவர் முகம் வாடிவிட்டது. அந்த நாயின் மேல் அவருக்கு உயிர். "வந்துட்டா வர முடியாது, எல்பியாம்மா. முதல்ல இது வராம இருக்கட்டும். அப்புறம் வரட்டும்."

எல்பியா நாயைக் கட்டிப்போட்டாள். தம்போர் கோட்டைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தது. சாப்பாட்டைப் பாதிக்கு மேல் தொடவில்லை. இருபத்தொன்பதாம் நாள் ஓடிலோன், கக்கத்தில் மூலிகைத் தேநீருக்கான வெந்நீர்க் குடுவையோடு, பரிசோதனைக்காகக் கோட்டைத் தாண்டி வந்தார். அவரைக் கண்டதும் நாய் அழுதது. மனுஷருக்குத் தாங்கவில்லை. பையிலிருந்த சாஸேஜ் துண்டை எடுத்து அதன் வாயில் வைத்துவிட்டார். வைத்த பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"போச்சு. பிரேசில் இறைச்சி உள்ள போயிடுச்சு. மண்ணை மிதிச்சதுக்குச் சமம்."

"குடுத்ததே நீங்கதானே சார்?" என்றேன்.

"அதனாலதான் மறைக்க முடியலை, இல்டா. கண்ணால பார்த்த அதிகாரியே நான்தான்."

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம். கல்யாணத்துக்காக நான் செய்த கேக்கை நாங்களே தின்றோம்.

இதற்கிடையில் ஓடிலோன் ஆண்டறிக்கை அனுப்பினார்: "வளர்ப்புப் பிராணி விண்ணப்பங்கள்: சென்ற ஆண்டு இல்லை, இந்த ஆண்டு ஒன்று." பிரேசில் தலைநகரத்தில் இதைப் படித்து அரண்டுபோனார்கள். உருகுவே பக்கத்துப் பிராணிகள் அனைத்தும் ஒரு வாரத்துக்குள் நுழைவுச் சான்றிதழ் பெற வேண்டும், பிராணி நேரில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஊரே வரிசையில் நின்றது. வரிசை என் ரொட்டிக் கடையில் ஆரம்பித்து, கோட்டைத் தாண்டி, பிரேசிலில் ஓடிலோன் வாசலில் முடிந்தது. நாய், பூனை, கிளி, ஆமை எல்லாம் கையில் இருந்தன. கோட்டருகே எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் முறை வந்தது. பூனையை மேஜைமேல் வைத்தேன்.

"இந்தப் பூனை கடந்த முப்பது நாள்ல பிரேசில் மண்ணை மிதிச்சுதா?"

பூனை அவருடைய முத்திரைப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தது.

"இல்ல சார்."

அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு முத்திரை குத்தினார். எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள், கிளியோடு வந்த பாதிரியார் உட்பட.

அடுத்தது எல்பியா. பக்கத்தில் வால்டெசிர். அன்றோடு இரண்டாம் முப்பது முடிந்திருந்தது. உள்ளே வந்ததும் தம்போர் நேராக மேஜைக்கு அடியில் போய்ப் படுத்தது. ஓடிலோன் கேள்வியைக் கேட்டார். நான் எல்பியாவின் இடுப்பில் கிள்ளினேன். "இல்லைன்னு சொல்லித் தொலைடி."

"இப்ப மிதிச்சுக்கிட்டுதானே சார் இருக்கு" என்றாள் அவள்.

ஓடிலோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா, இன்னியிலேருந்து முப்பது நாள்."

வரிசையில் எல்லோரும் அவளைப் பிடித்துத் திட்டினோம். இவளால்தான் நேரமாகிறதாம். "ஒரு பொய் சொல்லத் துப்பில்லாதவ எப்படித்தான் குடித்தனம் பண்ணப்போறாளோ" என்றார் பாதிரியார். கல்யாணத்தை நடத்திவைக்க வேண்டியவர் அவர்தான்.

வால்டெசிர் வரிசையை விட்டு விலகினார். வீட்டுக்குப் போனார். முடிவெட்டும் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்து, எல்பியாவின் முன்னறையில் இறக்கினார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே கல்யாணம். தம்போர் இப்போது பகலெல்லாம் ஓடிலோன் மேஜைக்கு அடியில்தான் கிடக்கிறது. ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதனிடம் மட்டும்தான் சான்றிதழ் இல்லை.

எங்களுக்குத்தான் வினை. பிரேசிலுக்குள் போனதாக முத்திரை குத்திய பிராணிகள் எப்படித் திரும்பின என்று எங்கள் பக்கத்து அதிகாரி இப்போது விசாரிக்கிறார். திரும்பி வர வேண்டுமானால், அதற்கு முந்தின முப்பது நாள் உருகுவே மண்ணை மிதித்திருக்கக் கூடாதாம். நாளைக்கு என் முறை. பூனை என் அடுப்படியில் தூங்குகிறது. சொல்ல வேண்டியது எனக்குப் பழகிவிட்டது.