‘பார்’ என்று கூவிய வழக்கு

கீழக்கரை,
17-2-1959, செவ்வாய்க்கிழமை.
விளம்பி வருடம், மாசி மாதம் 5-ஆம் தேதி, முற்பகல் 9 மணி 40 நிமிடம்.

மகாராஜராஜஸ்ரீ தமிழாசிரியர் சின்னச்சாமி மைத்துனர் அவர்களுக்கு, இ. மூக்கையா மரியாதையுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று தொடங்குவது நம் குடும்ப வழக்கம். தங்கள் சகோதரி சோணையம்மாள் க்ஷேமம். பசு க்ஷேமம். நான் க்ஷேமமில்லை. முதுகுளத்தூரில் மிளகாய்ப் பழம் எடுப்பு எந்த மட்டில் இருக்கிறது, தங்கள் மூட்டுவலி எந்த மட்டில் இருக்கிறது என்பதையெல்லாம் விவரமாக எழுதக் கோருகிறேன். ஆனால் அவற்றைத் தயவுசெய்து இரண்டாம் தாளில் எழுதுங்கள். முதல் தாளில் நான் கீழே கோரும் சான்று மட்டும் இருக்கவேண்டும். அந்தத் தாளை வருகிற 22-2-1959 ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு நான் பிறர் முன்னிலையில் வாசிக்கவேண்டியிருக்கிறது. வாசிக்கத் தவறினால், நானே எழுதிய விதிகளின்படி நானே வெளியேற்றப்படுவேன்.

3-4-1948 சனிக்கிழமையன்று இவ்வூர்க் கடற்கரையில் நாங்கள் மூவர் ஒரு சபை கூட்டினோம். தூரக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் மட்டுமே அதில் அங்கத்தினர். ஒருவர் வாவு முகம்மது மரைக்காயர். தோணி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். அவரிடம் இருந்தது ‘ஓஸ்டர்மன்’ என்னும் ஜெர்மன் கண்ணாடி. இன்னொருவர் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் பாக்கர்; அவரிடம் இருப்பது ‘கிகுமாரு’ என்னும் ஜப்பான் கண்ணாடி. மூன்றாமவன் நான். என்னுடையது லண்டன் ‘ஹாலிவெல்’. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்திற்கு வந்தபோது, 19-11-1946 அன்று எடுத்தது. மூன்று கிழவர்கள் கையில் தூரக்கண்ணாடி இருந்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? ஆகவே முதல் நாளே விதிகள் எழுதினேன். ஒன்று, கண்ணாடி கடலை மட்டுமே நோக்கவேண்டும். வீடு, மொட்டைமாடி, குளிக்கும் துறை ஆகியவற்றின் பக்கம் அது திரும்பவே கூடாது. இரண்டு, ஒருவர் கண்ட கப்பலின் பெயரை மற்றவர்களும் பார்த்து முடிக்கும்வரை வெளியே சொல்லலாகாது. மூன்று, ஒருவர் கண்ணாடியின் கம்பெனியை அவர் எதிரில் பழிக்கலாகாது. இந்த மூன்றாம் விதி ஜப்பான் கண்ணாடிக்குப் பொருந்தாது என்று ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தேன். மரைக்காயர் சந்தோஷமாகக் கையொப்பமிட்டார். பாக்கரும் இட்டார், ஆனால் அந்த அடிக்குறிப்பை அவர் பதினொரு வருடமாக மறக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

மரைக்காயர் எனக்கு உற்ற சிநேகிதர். ஆனால் அந்த ஓஸ்டர்மன் அவர் கழுத்தில் தொங்கிய நேரமெல்லாம் அவர் வேறு மனிதர். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு ஜெர்மன் கப்பல் கேப்டன் அதைத் தம் கழுத்திலிருந்து கழற்றி இவர் கழுத்தில் மாட்டினாராம். எந்த வருடம் என்று கேட்டால் ஒரு தடவை 1934 என்பார், ஒரு தடவை 1936 என்பார். 12-10-1956 அன்று 1941 என்றார். 1941-இல் ஒரு ஜெர்மன் கப்பல் கொழும்புக்கு வருவதானால் குண்டு போடத்தான் வந்திருக்கும் என்று நான் சுட்டிக்காட்டினேன். “ரைட்டருக்குத் தேதிதான் தெரியும், மனுசன் தெரியாது,” என்று சொல்லிவிட்டு அவர் சுண்டல் தின்னத் தொடங்கினார். நான் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் இந்த ஊரில் எனக்கு ‘ரைட்டர்’ என்றே பெயர்.

25-1-1959 அன்று அவர் விதி மூன்றை மீறினார். என் ஹாலிவெல்லை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஏன் ரைட்டரே, இதுல தெரியறது கப்பலா, இல்ல கப்பலோட நெனப்பா?” என்றார். பாக்கர் இருமும் அளவுக்குச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றே போட்டி நிச்சயமாயிற்று. 8-2-1959 ஞாயிறு காலை, மதார் என்னும் படகோட்டியின் பாய்வத்தையில் அப்பா தீவுப் பக்கம் போவது; தூத்துக்குடியிலிருந்து பாம்பனுக்குப் போகும் தோணி எதிர்ப்பட்டதும், அதன் பெயரை முதலில் எவர் கண்ணாடி வாசிக்கிறதோ அதுவே உயர்ந்த கண்ணாடி என்று ஒப்புக்கொள்வது; தோற்றவர் அதற்குப் பிறகு ஆயுள்முழுவதும் வாய் திறக்காதிருப்பது.

காலை 6 மணி 50 நிமிடத்திற்குப் புறப்பட்டோம். தோணி வரும்வரை பேச்சு எங்கெங்கோ போயிற்று. கண்ணாடியைத் துடைக்க மல்துணி நல்லதா, மான்தோல் நல்லதா என்று தொடங்கினோம். “மேகத்தைப் பாருங்க, ஆட்டுக்காலு மாதிரி இல்ல?” என்று பாக்கர் குறுக்கிட்டார். “ஆட்டுக்காலுன்னதும் நெனப்பு வருது. ரைட்டரு மச்சான் ஊருலருந்து மொளகா வத்தல் வருதுன்னாரு, ரெண்டு வருசமா வந்துக்கிட்டே இருக்கு,” என்றார் மரைக்காயர். (தாங்கள் அனுப்பாத அந்த வற்றலால் நடுக்கடலில் நான் தலைகுனிந்ததை இங்கே குறிப்பிட்டு வைக்கிறேன்.) அப்புறம் பல்வலி, அப்புறம் பாக்கரின் பேத்தி மலிகாவின் கல்யாணம், அப்புறம் மறுபடி ஜெர்மன் கேப்டன். இம்முறை 1935.

8 மணி 15 நிமிடத்திற்குத் தோணி தெரிந்தது. இருவரும் கண்ணாடியைத் தூக்கினோம். மரைக்காயர் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அவரோ வத்தையின் நடுவில் எழுந்து நின்று, கழுத்து வாரையும் கழற்றிவிட்டு, “வாரு கெடந்தா கை ஆடும்,” என்று விளக்கமும் கொடுத்தார். பிறகு, “மு... வந்திருச்சு... முகை...” என்று உரக்க எழுத்துக்கூட்டத் தொடங்கினார். இது விதி இரண்டுக்கு நேர் விரோதம். அந்தக் கணத்தில் என் ஹாலிவெல்லிலும் பெயர் முழுவதுமாகத் துலங்கியது. அந்த ஆனந்தத்தில், சிநேகிதரும் காணட்டுமே என்ற ஒரே நல்லெண்ணத்தில், நான் “பார்! பார்!” என்று கூவினேன். நடந்தது இவ்வளவே.

இவ்வூர்க் கடலோடிகள் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படகில் எவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தாலும், படகோட்டி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கேட்பதில்லை. முதலில் சுக்கானைத் தள்ளுகிறான், பிறகுதான் கண்ணைத் திறக்கிறான். மதாரும் அப்படியே தள்ளினான். வத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய் மறுபக்கம் வீசி மரைக்காயரின் முழங்கையில் அடித்தது. மரைக்காயர் என் மடியில் விழுந்தார். ஓஸ்டர்மன் கடலில் விழுந்தது. “எங்க ரைட்டரய்யா பார்? பாரைக் காணமே!” என்று மதார் பதறிக்கொண்டிருந்தான். மரைக்காயர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, “இருவத்தஞ்சு வருசமா நெஞ்சுல கெடந்துச்சே, மவுத்தாப் போச்சே,” என்று, இறந்துபோன மனிதரைச் சொல்வதுபோல் சொன்னார். தோணி தன் பெயரோடு பாம்பன் பக்கம் போய்விட்டது.

சங்கு குளிக்கிறவர்கள் இருவர் 9, 10 தேதிகளில் மூழ்கிப் பார்த்தார்கள். ஒரு பித்தளைச் செம்பு கிடைத்தது. மரைக்காயர் இப்போதும் மாலையில் கடற்கரைக்கு வருகிறார். எனக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். இரண்டு கைகளையும் குழல்போல் மடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கிறார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதே எனக்கு வசதியாக இருக்கிறது.

15-2-1959 ஞாயிறன்று பாக்கரின் மருந்துக்கடையில் முதல் விசாரணை நடந்தது. விசாரித்தவர் பாக்கர். ஜப்பான் கண்ணாடியை மேஜைமேல் வைத்துக்கொண்டு, முகத்தை நீதிபதிபோல் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த தோரணையைத் தாங்கள் கண்டிருக்கவேண்டும். பொறாமையால் நான் வேண்டுமென்றே கூவினேன் என்பது பிராது.

“தோணி பேரைப் படிச்சேன்கிறீகளே, என்ன பேரு?” என்றார் பாக்கர்.

விதி இரண்டின்படி மரைக்காயர் பார்த்து முடிக்கும்வரை நான் அதைச் சொல்ல இயலாது என்றேன்.

“அவரு கண்ணாடிதான் தண்ணிக்குள்ள கெடக்குதே, எப்பப் பார்த்து முடிப்பாரு?”

விதியில் காலவரை இல்லை என்றேன்.

அப்போது மரைக்காயர் திரும்பினார். ஒரு வாரத்திற்குப் பின் அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார். “பதினோரு வருசமா என்னையப் ‘பாருங்க மரைக்காயரே, பாருங்க மரைக்காயரே’ன்னுதானே சொல்லுவீக? அன்னைக்கு மட்டும் எங்கன போச்சு அந்த ‘ங்க’? சரி, கோவத்துல மரியாத போச்சுன்னே வச்சுக்குவோம். எங்க வாப்பாகூட என்னையப் ‘பாரு’ன்னுதான் சொல்வாக. ‘பார்’னு வெட்டுனாப்புல எந்த மனுசன் சொல்லுவான்? அந்தச் சொல்லு பாறைக்குத்தான் ரைட்டரே. மனுசனுக்கு இல்ல.”

கடையில் மருந்து வாங்க வந்தவர்கள்கூடத் தலையசைத்தார்கள். நான் அவகாசம் கேட்டேன். 22-ஆம் தேதிவரை கொடுத்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில்தான் தங்கள் உதவியை நாடுகிறேன். தாங்கள் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். தங்கள் கையெழுத்திட்ட தாளில் மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது, ‘பார்’ என்பது முன்னிலை ஒருமை ஏவல், இலக்கண சுத்தமானது, ‘பாரு’ என்பதே பிழை. இரண்டாவது, நான் எத்தகைய அவசரத்திலும் ஏட்டுத் தமிழே பேசுகிறவன். 6-5-1927 அன்று தங்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் தேள் கொட்டியபோது, “ஐயோ, கொட்டிவிட்டதே!” என்று நான் கூவியதைத் தாங்கள் நேரில் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதே முக்கியம். முதுகுளத்தூர்ச் சீமையில் கண்மாய் உண்டு, கரிசல் உண்டு, கடல் இல்லை. அங்கே பிறந்து வளர்ந்த ஒருவனுக்குப் ‘பார்’ என்றால் கண்ணால் காண் என்பதைத் தவிர வேறு பொருள் தெரிய நியாயமில்லை. முப்பத்தோரு வருடம் துறைமுகக் காரியாலயத்தில் இருந்தவனாயிற்றே என்று எவரேனும் கேட்டால், நான் இருந்தது ஃபைல்களுக்குள், கடல் இருந்தது ஜன்னலுக்கு வெளியே என்று எழுதுங்கள். இது பற்றித் தங்கள் சகோதரியிடம் எதுவும் கேட்டு எழுதவேண்டாம். நேற்று நான் அவளிடம், பார் என்றால் உனக்கு என்ன பொருள் படுகிறது என்று கேட்டேன். “போன வெள்ளிக்கெழம மீன்காரிகிட்ட, இது பார்மீனா, சேத்துமீனான்னு நீகதானே வெசாரிச்சீக?” என்று சொல்லிவிட்டு அம்மியில் குனிந்துகொண்டாள். அவள் சாட்சியம் நமக்கு உதவாது.

எனக்கு வயது அறுபத்தைந்து. மாலை நாலரை மணிக்குப் போய் உட்கார இந்த ஊரில் எனக்கு அந்த ஓர் இடம்தான் இருக்கிறது. என் கண்ணாடி வீட்டில் ஆணியில் தொங்குகிறது. அதைத் தனியாக எடுத்துப்போய்க் கடலைப் பார்த்தேன். கப்பல் வந்தது. பெயரையும் வாசித்தேன். யாரிடம் சொல்லாமல் இருப்பது?

தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு ஆசியையும் தெரிவிக்கவும். மழை பொழிந்து கண்மாய் பெருகி, தங்கள் மூட்டுக்கள் மடங்கி நிமிர அருள் கிடைக்கட்டும். சான்று 21-ஆம் தேதித் தபாலில் கிடைக்கும்படி அனுப்பவும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
இ. மூக்கையா,
துறைமுகக் காரியாலயத் தலைமை எழுத்தர் (30-6-1949 முதல் ஓய்வு).

பின்குறிப்பு: மேற்படி தேதி, பிற்பகல் 3 மணி 20 நிமிடம். கடிதத்தை ஒட்டுவதற்குள் மதார் வந்துவிட்டான். மரைக்காயர் பிராதை வாபஸ் வாங்கிவிட்டாராம். அவர் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்: “ரைட்டரு மேல குத்தமில்ல. மொளகாக்காட்டுல பொறந்த மனுசன். காயிதத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தவருக்குப் பார்னா என்னன்னு எங்கன தெரியும்? வெவரமில்லாமக் கத்திட்டாரு, பாவம். நாளைக்கு வந்து உக்காரச் சொல்லு.”

மைத்துனர் அவர்களே, நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. இரண்டு மணி நேரமாக என்னால் உட்கார முடியவில்லை. விவரமில்லையாம்! பாம்பனிலிருந்து வாலிநோக்கம்வரை உள்ள ஒவ்வொரு பாரையும் பெயர் சொல்லி, எத்தனை பாகம் ஆழம் என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன். முப்பத்தோரு வருடம் அவற்றை ரிஜிஸ்தரில் எழுதியது யார் கை? அந்தச் சொல் காதில் விழுந்தால் மதார் என்ன செய்வான் என்பது அன்று எனக்கு நன்றாகத் தெரியும். தோணியின் பெயரில் ஓர் எழுத்துக்கூட எனக்குத் தெரியவில்லை. அவர் மூன்றாம் எழுத்துக்குப் போய்விட்டார். உட்காரட்டும் என்றுதான் கூவினேன். கண்ணாடி விழும் என்று நினைக்கவில்லை. இது ஒன்றுதான் மேலே கண்ட எட்டுப் பக்கத்தில் எழுதாமல் விட்ட உண்மை.

ஆகவே சான்று வேண்டாம். அதற்குப் பதிலாக, 3-9-1931 அன்று பார்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தித் தங்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தேன். அது தங்கள் பெட்டியில் இருந்தால் உடனே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பவும். கிழித்துப் போட்டிருந்தால் அதையும் உடனே எழுதவும். ஏனென்றால், எனக்குத் தெரியும், தெரிந்துதான் கூவினேன் என்று மதாரிடம் அப்போதே சொல்லியனுப்பப் பார்த்தேன். அவன், “சும்மா இருங்க ரைட்டரய்யா, உங்களுக்கு எங்க அதெல்லாம்,” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.