ஜீப்புக்கு ஒரு ஜி.பி.எஸ். வேண்டி, மஸ்கட் சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சிவரஞ்சனி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ஜீப்பும் சுகம், சைலன்ஸரைத் தவிர. அங்கே உங்களுக்கும் மஸ்கட் வெயிலுக்கும் ஒரு சமாதானம் ஏற்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு வரும்போது ஜீப்புக்கு எந்த ஜி.பி.எஸ். வாங்கி வரலாம் என்று கேட்டிருந்தீர்கள். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் கூப்பிட்டாலே அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு, நான் சொல்லவேண்டியதையும் சேர்த்து அவரே சொல்லிவிடுகிறார். அதனால் கடிதம்.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கொக்கு. போன ஞாயிற்றுக்கிழமை பொன்னமராவதிக்குப் போகிற வழியில், பார்வைக்குக் காய்ந்து கிடந்த ஒரு கண்மாய்க்குள் அது நடந்துகொண்டிருந்தது. காலைத் தூக்கும்போதெல்லாம் கறுப்பாகச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. என் மடியிலிருந்த இரவல் ஜி.பி.எஸ். மிஷினும் அந்த இடத்தை நீலமாகத்தான் காட்டியது. நீலம் என்றால் தண்ணீர். "அப்பா, கொக்கு" என்றேன். "கொக்கையெல்லாம் வரும்போது பாத்துக்கலாம் தாயி" என்று சொல்லிவிட்டு அப்பா ஃபோர் வீலைப் போட்டு உள்ளே இறக்கிவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியாதல்லவா? திருமயம் பக்கத்து ஊர்க்காரர் லக்ஷ்மணன் அண்ணன் சென்னையில் வியாபாரம் செய்கிறார். லீவுக்கு வரும்போது அவரும் அவர் சிநேகிதரும் புது வண்டிகளைக் கொண்டுவந்து, ரோடு இல்லாத இடமாகத் தேடிப்பிடித்து ஓட்டுவார்கள். ரோடு போடவில்லை என்று நாம் மனுக் கொடுக்கிற இடமெல்லாம் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறது. அப்பா உள்ளூர்க்காரர் என்பதால் நம் பழைய ஜீப் முன்னால் போகும். பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்கு ஜீப்பில் ஒரு உத்தியோகம் உண்டு: தலையை வெளியே நீட்டி, எதிரில் வருகிறவர்களிடம் வழி கேட்பது. சித்தப்பா, வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்லவே எனக்கு வாய் வராது. வழி கேட்டால் இங்கே யாரும் வழியை மட்டும் சொல்லிவிட்டு விடுவதில்லை. நீ யார் மகள், அம்மா எந்த ஊர், மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் கையை நீட்டி இங்கிட்டு என்பார்கள். பாதி நாள் அந்தக் கையும் தப்பான பக்கம்தான் நீளும்.

என் அவஸ்தையைப் பார்த்து லக்ஷ்மணன் அண்ணன் தன்னுடைய பழைய கை ஜி.பி.எஸ்ஸை இரவலாகக் கொடுத்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் அது ஏதோ ஒரு பாஷைக்கு மாறிக்கொண்டது. எழுத்தா கோலமா என்றே தெரியவில்லை. அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் எழுத்தே இல்லாமல் அம்புக்குறியை வைத்தே எல்லாம் பழகிவிட்டேன். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "என்னைக்கு இந்த டப்பா எனக்கு வழி சொல்லுதோ, அன்னைக்கு நீயே வண்டிய ஓட்டு. நான் அங்கிட்டுத் தள்ளி ஒக்காந்துக்கிறேன்" என்று சவால் விட்டார். வைகாசியில் லைசென்ஸ் வாங்கியும் அதுவரை நான் நம் ஜீப்பைக் கழுவியது மட்டும்தான், ஓட்டியதில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

கண்மாய்க்கு வருகிறேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. மேலே மட்டும் பொருக்குக் கட்டியிருந்தது, அடியில் களிமண். ஜீப் எருமை மாதிரி சுகமாகப் படுத்துக்கொண்டது. உள்ளூர்க்காரர் போகிறாரே என்று நம்பி லக்ஷ்மணன் அண்ணனும் பின்னாலேயே வந்து பக்கத்தில் படுத்துவிட்டார். சிநேகிதர் மட்டும் கரையோரத்தில் நின்றுகொண்டு, கயிறு கட்டி இருவரையும் பின்னுக்கு இழுத்துவிட்டார். இழுத்து முடிப்பதற்குள் எல்லோரும் ஒரே நிறமாகிவிட்டோம். அடுத்த மழைக்கு வேறு இருட்டிக்கொண்டு வந்தது. லக்ஷ்மணன் அண்ணனின் பெரிய போனில் சிக்னல் இல்லை. அவர் சிநேகிதரின் தொடுதிரையோ சேற்று விரலை அடையாளம் தெரியாதது மாதிரி இருந்தது. அப்பா வழக்கம்போல, மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருளாயி என்ற அம்மாவிடம் போனார்.

"பொன்னமராவதிக்கு எங்கிட்டு ஆத்தா போகணும்?"

"இங்கிட்டும் போவலாம், அங்கிட்டும் போவலாம்."

"எது நல்ல பாத?"

"ரெண்டும் நல்ல பாததேன், ஆட்டுக்கு."

நான் மிஷினைப் பார்த்தேன். தைலமரக் காட்டுக்குள் புள்ளிப்புள்ளியாக ஒரு பாதை, கரை வழியாகச் சுற்றிக்கொண்டு தார் ரோட்டில் போய்ச் சேர்ந்தது. இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமே! பேசத்தான் கூச்சம், நடக்கக் கூச்சமில்லையே என்று நினைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தேன். முதலில் லக்ஷ்மணன் அண்ணன் வண்டியைக் கிளப்பினார், அப்புறம் சிநேகிதர், கடைசியில் வேறு வழியில்லாமல் அப்பா. "யாரு பெத்த புள்ளடி இது!" என்று இருளாயி கூவினார். "இந்த ஆடுகளப் பத்தவே எனக்கு நாக்குத் தள்ளுது, இவ காரெல்லாம் பத்திக்கிட்டுப் போறாளே!"

சித்தப்பா, புள்ளி மாறாமல் தார் ரோட்டில் கொண்டுபோய் விட்டேன். மழை அதற்குப் பிறகுதான் விழுந்தது.

லக்ஷ்மணன் அண்ணன் சேற்றோடு சிரித்துக்கொண்டு, "என்னண்ணே, டீக்கடையில சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றார். "சொன்னேன், இல்லேங்கல" என்றார் அப்பா. "ஆனா டப்பா எங்கிட்டயா சொல்லுச்சு? அவகிட்ட சொல்லுச்சு, அவ நடந்தா. அது எப்புடிக் கணக்காகும்?"

நான் கையை நீட்டினேன். "சாவி" என்றேன். ஒரே வார்த்தை. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சாவி வந்தது.

பொன்னமராவதி வரை நான்தான் ஓட்டினேன். அப்பா இடது பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழிநெடுக மிதித்துக்கொண்டே வந்தார். ஊருக்குள் ஒரு வேகத்தடையில் சைலன்ஸர் கழன்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் கடைவீதியே திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் ரோடு தெரியாதே.

அதனால் நீங்கள் வாங்குகிற ஜி.பி.எஸ். இப்படி இருக்கட்டும்: தொடுதிரை வேண்டாம், சேற்றுக் கையால் அமுக்கப் பட்டன் வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓட வேண்டும். நம் ஊர் வெயிலில் திரை தெரிய வேண்டும், நெட் இல்லாமலே படம் உள்ளே இருக்க வேண்டும். வந்த வழியை நினைவு வைத்திருந்து அதே வழியில் திருப்பிக் கூட்டிப்போவதாக இருந்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் அப்பாவுக்கு அது இல்லை. பெரிய படம், பேசுகிற குரல் எல்லாம் வேண்டாம். நம் வீட்டில் பேசுவதற்கு ஆள் இருக்கிறது.

நீங்கள் ஏறும் விமானமாவது யாரிடமும் வழி கேட்காமல் நேராக வந்து இறங்கட்டும்.

அன்பு மகள்,
சிவரஞ்சனி

பின்குறிப்பு: சித்தப்பா, ஜி.பி.எஸ். வேண்டவே வேண்டாம். இதைத் தபாலாபீஸ் வாசலில் வைத்து எழுதுகிறேன். காலையில் அப்பா அம்மாவிடம், "தம்பி ஆனந்தராஜு புது டப்பா கொண்டாரட்டும். முன்னாடி மாட்டிட்டா அதுவே வழி சொல்லிரும், நான் பாட்டுக்கு ஓட்டுவேன். இவ வீட்டுல ஒத்தாசையா இருக்கட்டும்" என்று சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. இரவல் மிஷினே போதும். அதை மறுபடியும் அந்தக் கோல பாஷைக்கே மாற்றி வைத்துவிட்டேன், இனி அது எனக்கு மட்டும்தான் புரியும். நீங்கள் தடிமனாக ஒரு குஷன் மட்டும் வாங்கி வாருங்கள், கிளட்ச் எனக்குச் சரியாக எட்டவில்லை. இந்தக் கடைசி வரிகளை ஜீப்பில் உட்கார்ந்து சேர்க்கிறேன்: கடிதத்தை நான் மடித்துக்கொண்டிருக்கும்போதே, கூட வந்திருந்த அப்பா போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். சாவி இல்லாமல் அது ஒன்றுதான் அவரால் முடியும். நான் சாவியோடு போய், அவர் அங்கிட்டுத் தள்ளி உட்காரும்வரை வலது பக்கத்தில் நின்றேன்.