எங்கள் தெருவுக்கு ஒரே பாஸ்வேர்டு

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் வர இரண்டு நிமிஷம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து, அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த பஸ்ஸையும் விட்டுவிடுகிற ஜென்மம். இருபத்திரண்டு வயதில் இந்த வியாதி முற்றிப்போய் இருந்தது. அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள், பழகிவிட்டது.

செல்போன் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம். இன்டர்நெட்டுக்கு மட்டும் திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். எங்கள் தெருவில் முதன்முதலில் மெயில் ஐ.டி. வைத்திருந்தது நான்தான். (பி.காம். வேறு. தரையில் கால் பாவாது.)

வரிசை வீடுகள். வெளியே போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். எங்கள் சாவி அமுதா அக்காவிடம் இருக்கும். அதே பழக்கத்தில் பாஸ்வேர்டையும் அக்காவிடம் கொடுத்து வைத்தேன். நான் மறந்துபோனால் யாராவது திறந்துவிட வேண்டுமே! அக்காவின் வீட்டுக்காரர் செல்வம் மாமா குவைத்தில் வெல்டர். அவர் போடும் லெட்டர் என் மெயிலுக்குத்தான் வரும். அக்காவிடமிருந்து எதிர்வீட்டுக்கு, எதிர்வீட்டிலிருந்து கோடி வீட்டுக்கு என்று பாஸ்வேர்டு நடந்து போய், ஒரு கட்டத்தில் அதற்குப் பெயரே "நம்ம தெரு மெயில்" என்றாகிவிட்டது. எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அந்தச் சமயத்தில்தான் மெயிலில் விண்ணப்பம் போட்டிருந்த ராயபுரம் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் எனக்கு இன்டர்வியூ நடந்தது. நன்றாகவே பதில் சொன்னேன். "ஆர்டர் மெயில்ல வரும். வெள்ளிக்கிழமைக்குள்ள 'வரேன்'னு பதில் போட்டுடுங்க" என்றார் மேனேஜர். நைனா, அதாவது என் அப்பா, வேலை பார்த்த எண்ணூர் கம்பெனியை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பாட்டில் அவர் இரண்டாம் தடவை சோறு கேட்பதை நிறுத்தியிருந்தார். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் பிரவுசிங் சென்டரில் போய் நின்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். "தட்டித் தட்டி பட்டன தேச்சிடாதம்மா" என்று சென்டர்காரரே கெஞ்சினார்.

புதன்கிழமை ஒரு மெயில் வந்தது. ஆர்டர் இல்லை. உங்கள் மெயில் கணக்கை இருபத்திநாலு மணி நேரத்தில் மூடப்போகிறோம், மூடாமல் இருக்க வேண்டுமானால் கீழே உள்ள ஃபாரத்தை நிரப்புங்கள் என்று இங்கிலீஷில் மிரட்டியிருந்தார்கள். கணக்கை மூடிவிட்டால் ஆர்டர் எங்கே வரும்?

ரேஷன் ஆபீசில் ஒரு கட்டம் காலியாக விட்டதற்காக மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் நாங்கள். ஃபாரம் என்றால் ஒரு கட்டத்தையும் விடமாட்டோம். பெயர், பிறந்த தேதி, பாஸ்வேர்டு எல்லாம் நிரப்பினேன். கடைசியில் "வேறு விவரங்கள்" என்று ஒரு கட்டம் சும்மா கிடந்தது. விடுவேனா? நைனா பெயர், ரேஷன் கார்டு நம்பர், வீட்டுக்கு அடையாளம் மாரியம்மன் கோயிலுக்கு எதிர்சந்து என்பது வரை எழுதினேன். (திருட வருகிறவன் வழி தெரியாமல் அலையக்கூடாது பாருங்கள்.) அனுப்பிவிட்டு நன்றியும் சொன்னேன்.

மறுநாள் காலை தண்ணி லாரிக்கு இரண்டு குடத்தோடு வரிசையில் நிற்கிறேன். அமுதா அக்கா போனைப் பிடித்துக்கொண்டு, தலைகூட முடியாமல் ஓடிவந்தாள்.

"அடியே கலை! எங்கடி கீற நீ?"

"லாரியாண்ட கீறேன்க்கா. கண்ணு தெர்ல?"

"லண்டன்ல கீறியாமே! பையி, பாஸ்போட்டு அல்லாத்தையும் எவனோ அட்ச்சினு பூட்டானாமே! ரூம் வாடக குடுக்காம ஓட்டல்காரன் வுட மாட்டேன்றானாமே! துட்டு அனுப்புன்னு மெயில் போட்டியாம். உங்க மாமா குவைத்லேர்ந்து அழுதுகினு கீறாருடி!"

வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. போனை வாங்கினேன்.

"மாமா, நான் திருவொத்தியூர்லதான் கீறேன்."

"எனுக்கு தைரியம் சொல்லாத கலை. ஓட்டல்காரன் பக்கத்துல நிக்கறானா? வாயத் தொறந்து சொல்ல வேணாம். ஆமான்னா இருமு."

லாரிக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டுமா? வந்த புகையில் நான் இருமித் தொலைத்தேன். குவைத்திலிருந்து "அய்யோ!" என்று ஒரு அலறல் கேட்டது.

வீட்டுக்கு ஓடினால் நைனாவுக்கு விஷயம் எனக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. "எங்கைல ஒரு வார்த்த சொல்லிட்டு போயிருக்கலாமேம்மா" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. மாமாவின் முகவரி இருந்த அதே மெயிலில் மேனேஜருடைய முகவரியும் இருந்தது! பிரவுசிங் சென்டருக்குப் பறந்தேன். பாஸ்வேர்டு தவறு, தவறு, தவறு. எவனோ மாற்றிவிட்டிருந்தான். தெருவுக்கே திறந்த கதவு எனக்கு மட்டும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பேனா? அப்படியே பஸ் ஏறினேன். கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. காசிமேட்டில் இறங்கி, மீன்வண்டிகளுக்கு நடுவே ஓடினேன். ஆபீசுக்குள் நுழைந்தபோது தலையிலிருந்து வியர்வை சொட்டியது.

மேனேஜர் ஒரு பிரின்ட் அவுட்டை மேஜைமேல் வைத்தார். "லண்டன்லேர்ந்து எப்ப வந்தீங்க?"

"நான் போகவே இல்ல சார். யாரோ ஏமாத்திட்டாங்க."

"அது புரியுது. ஆர்டர் நேத்து அனுப்பினேன். பதிலுக்கு இதுதான் வந்துச்சு. உங்க பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். புத்திசாலிகள் சொல்லியிருப்பார்கள்.

"அமுதா அக்காவுக்குத் தெரியும் சார். அப்புறம்... எங்க தெருவுக்கு."

"தெருவுக்கா?"

"எல்லாரும் நல்லவங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இங்க நீங்க பாக்கப்போறது பூரா அடுத்தவங்க காகிதம்மா. யார் சரக்கு, எந்தப் பெட்டி, என்னிக்கு வெளிய போகுதுன்னு அத்தனையும் உங்க கையில இருக்கும். உங்களை நம்பிக் குடுத்துட்டு நான் நிம்மதியா வீட்டுக்குப் போக முடியுமா, நீங்களே சொல்லுங்க."

திட்டியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். அவர் சொன்னது நியாயம். பஸ் ஸ்டாப்பில் நின்று துப்பட்டாவில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். நைனாவிடம் எப்படிச் சொல்வது என்ற நினைப்பிலேயே மூன்று பஸ்ஸை விட்டேன். என் வாழ்க்கையில் நான் பொறுமையாக நின்ற ஒரே நாள் அதுதான்.

வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. புது மெயில் திறந்து பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவில்லை. "சாவி மட்டும் என்னாண்ட குடுப்பாளாம், இத்த குடுக்க மாட்டாளாம்" என்று அக்கா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளைச் சமாதானப்படுத்த உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் பாதியில் தூங்கிவிட்டதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவள் வீட்டில் இருந்தபோது அவளுக்கு ஒரு போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டாள். பேங்கிலிருந்து பேசுகிறேன், உங்கள் கார்டு முடங்கப்போகிறது, இப்போது மெசேஜில் வந்த நம்பரைச் சொல்லுங்கள் என்றான் ஒருவன். நான் பதறி எழுந்தேன். அக்கா கையைக் காட்டி உட்கார் என்றாள்.

"நம்பரா கண்ணு? அது என்னாண்ட இல்லியே. எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு ஒர்த்தி லண்டன்ல மாட்டிகினு கீறா. அவ கைல குட்த்து வச்சிக்கீறேன். ஓட்டல் வாசல்லதான் நிப்பா. நீ நேரா போயி வாங்கிக்கோ. போவும்போது அவளுக்கு இட்லி தரேன், எட்த்துனு போறியா?"