உயிரோடு இருந்தவருக்கு ஓர் அடக்க ஆராதனை

பிரசங்கம் செய்யத் தெரிந்தவனுக்கு உலகத்தில் ஒரே கவலைதான்: கேட்க ஆள் வேண்டும். ஜோகூர் பாருவில் நான் உபதேசியார் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்கிருந்த கவலையும் அதுதான்.

எங்களைப் பழக்கியவர் செல்லையா போதகர். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். ரப்பர் தோட்டங்களில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவக் குடும்பங்களை ஒருவரே சுற்றிப் பார்த்து முடிக்க முடியாது என்று எங்கள் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார். தேறினால் ஊழியம். தேறாவிட்டால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

மற்ற இருவரும் வீடு வீடாகப் போவார்கள். நான் அறைக்குள் உட்கார்ந்து பிரசங்கம் தயாரிப்பேன். கல்யாணத்துக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று. அடக்கப் பிரசங்கம் அபாரம். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்து நானே அழுதிருக்கிறேன். (செத்தவர் யார் என்பது மட்டும்தான் பாக்கி.)

போதகர் பெக்கோக் என்ற ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தேவசகாயம் என்பவர் ரயிலேறி வந்து வாசலில் நின்றார்.

"ஐயா, எங்க தானியேல் அண்ணன் கெடக்குறாரு. கண்ணே தொறக்கல. சனமெல்லாம் கூடிட்டாங்க. யாராச்சும் வந்து ஜெபம் பண்ணணும்."

இதில் 'செத்துப்போனார்' என்று எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். எங்கும் இல்லை. என் காதில் மட்டும் அது கணீரென்று விழுந்தது. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ரயிலில் தேவசகாயம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணை மூடிப் பிரசங்கத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் கையமர்த்தினேன். நான் ஜெபத்தில் இருப்பதாக நினைத்து மனிதர் அடங்கிவிட்டார்.

தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் ஆட்கள் குந்தியிருந்தார்கள். உள்ளே அரை இருட்டு. பலகைக் கட்டிலில் ஒருவர் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி அசையாமல் கிடந்தார். அவர் மனைவி எஸ்தரம்மா தலைமாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறென்ன வேண்டும்? தொண்டையைச் செருமினேன்.

"நம்மை விட்டுக் கடந்துபோன அருமைச் சகோதரன் தானியேல்..."

எஸ்தரம்மா வெடுக்கென்று நிமிர்ந்தார். "ஐயோ! போயிட்டாரா? இப்பத்தானே தண்ணி குடிச்சாரு!"

சொன்னதை விழுங்கப் பார்த்தேன். ஆனால் படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தச் சனம் நம்பிவிட்டது. "உபதேசியாரு பாத்துச் சொல்லிட்டாருப்பா!" என்று வாசலில் ஒரு குரல். லயமே 'ஓ'வென்று அழுதது.

அந்தச் சத்தத்தில் கட்டில் கிறீச்சிட்டது. துணி விலகியது. 'கடந்துபோன சகோதரன்' எழுந்து உட்கார்ந்தார்.

"அலமாக்!" என்று மலாயில் அலறினார். "யாருப்பா செத்துட்டாங்க?"

நான் வாசல் வழியாகத்தான் வெளியேறினேன் என்பது என் நினைவு. சன்னல் என்பது தேவசகாயத்தின் சாட்சி. எப்படியோ, கோழிக் கூண்டோடு உருண்டு கிடந்த என்னைத் தூக்கி வந்து கட்டிலருகே உட்கார வைத்தார்கள்.

எஸ்தரம்மா கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "வேர்த்துக் கொட்டுது! காச்சல் எறங்கிடுச்சு!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார். மலேரியா. தோட்டத்து மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் தந்த கொய்னா மாத்திரையில் காய்ச்சல் இறங்கி மனிதர் அசந்து தூங்கியிருக்கிறார். எனக்கு அடி நிச்சயம் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். இருந்த சந்தோஷத்தில் அடிக்க மறந்துவிட்டார்கள்.

தானியேல் மட்டும் விடவில்லை. "என்னப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே தம்பி, மிச்சத்தயும் சொல்லு."

வேறு வழியில்லாமல் சொன்னேன். கள்ளைக் கையால் தொடாதவர் என்றேன். வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கடுஞ்சொல் அறியாதவர் என்றேன். எஸ்தரம்மாவே சிரித்தார். ஞாயிறுதோறும் முதல் ஆளாக ஆலயம் வந்தவர் என்றபோது லயமே குலுங்கியது.

"இது நான் இல்லப்பா," என்றார் தானியேல். "வேற யாரோ நல்ல மனுசன். பாவம், அவனையும் கொன்னுட்ட."

திரும்பி வந்து பெட்டியைக் கட்டினேன். மறுநாள் போதகர் வந்தார். கதை அவருக்கு முன்பே ரயிலேறி வந்திருந்தது. ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும் என்றார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"தம்பி, உமக்குப் பிரசங்கம் நல்லா வருது. ஆக்களைத்தான் தெரியேல்லை. பெட்டியைப் பிரியும்."

"ஊருக்கு அனுப்பலையா ஐயா?"

"ஏன் அனுப்ப? இனிச் சாகுமட்டும் நீர் ஆளைப் பாராமல் வாய் திறக்க மாட்டீர். மற்ற ரெண்டு பேருக்கும் இந்தப் படிப்பு இன்னும் கிடைக்கேல்லை."

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. பல மாதங்களுக்குப் பிரசங்கம் கிடையாது. லயத்து வீடுகளில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்பது மட்டும்தான் வேலை என்று உத்தரவானது. தானியேல் வீட்டில்தான் அதிகம் உட்கார்ந்தேன். நான் குருப்பட்டம் பெற்ற நாளில் அவர் குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார்.

ஊழியம் நிலைத்தது, கதையும் நிலைத்தது. இன்றைக்கும் நான் எந்தத் தோட்டத்தில் நோயாளியைப் பார்க்கப் படியேறினாலும், உள்ளே கிடப்பவர் அவசரமாக எழுந்து கையாட்டுகிறார்: "இருக்கேன் ஐயா, இருக்கேன்!" வீட்டில் நான் மதியம் சற்றுக் கண்ணயர்ந்தால் என் மனைவி பிள்ளைகளை எச்சரிப்பது இப்படி: "அவசரப்பட்டு யாரும் அழுதிடாதீங்க. மொதல்ல மூச்சு வருதான்னு பாருங்க."