வலது டிஸ்க், இடது டிஸ்க்

"டிஸ்க்கில் இடம் இல்லை" என்று கணினி அந்த வாரத்தில் மறுபடியும் சொன்னபோது, கண்ணாடிக்காரரின் முகத்தில் தெரிந்ததைக் கவலை என்று சொல்ல முடியாது. பந்தயத்தில் ஜெயித்தவரின் முகம் அது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்றார், துணி அலமாரியைப் பார்த்து.

அலமாரியின் கதவு கொஞ்சம் திறந்தது. உள்ளே, மடித்து அடுக்கிய போர்வைகளுக்கு நடுவே ஒரு முக்காலியில், கையில் மைக்குடன் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. வீட்டில் எதிரொலி இல்லாத ஒரே இடம் அந்த அலமாரிதான்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். தொண்டை கரகரத்தது.

"வால்யூம் மேனேஜர் போடணும்னு சொன்னேன்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தச் சொல் அந்த வீட்டுக்குள் நுழைந்து பல மாதம் ஆகிறது. கண்ணாடிக்காரர் வீட்டுக் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்ட கையோடு எங்கேயோ அதைப் பற்றிப் படித்துவிட்டார். இரண்டு டிஸ்க்குகள் இருந்தால், நடுச்சுவரை இடித்த கூடம் போல இரண்டையும் சேர்த்து ஒரே இடமாக்கிக் கொடுக்கும் ஏற்பாடு அது. பிறகு எப்போது இடம் போதவில்லையோ, அப்போது இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு வீட்டுக் கணினிக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு யாருக்கும் புரியவில்லை.

தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். "சீக்கிரமே மாத்திடப்போறேன். எல்லாத்தையும் ஒரு தடவை அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடணும், அவ்வளவுதான். ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாது" என்ற இடம் வரும்போது மனைவியின் கையிலிருக்கும் கரண்டி ஒரு கணம் அப்படியே நிற்கும். தட்டில் கவனமாக இருப்பவருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

ஆனால் சொன்னாரே தவிர, செய்யவில்லை. காரணம், வால்யூம் மேனேஜரில் பல வகை இருந்தது. கண்ணாடிக்காரரோ தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை, "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா? இப்ப?" என்று லென்ஸை மாற்றி மாற்றி அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வைப்பவர். தனக்கென்று ஒரு சட்டைகூட அவர் தேர்ந்தெடுத்ததில்லை.

இப்போது டிஸ்க் நிரம்பிவிட்டது. இனிமேல் தள்ளிப்போட முடியாது. எது இவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்த்தார். மனைவியின் பெயரில் இருக்கும் பகுதிதான் நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போனது. உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அவளுடைய கைப்பையைத் துழாவுவதும் அதுவும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. குரல் பதிவு என்றால் இடம் பிடிக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடைக்கு மேல்மாடியில் பல் டாக்டர் இருந்தார். அவரும் லினக்ஸ் பைத்தியம்.

"வால்யூம் மேனேஜர்ல இசட்.எஃப்.எஸ்.னு ஒரு வகை இருக்கு, அதைப் போடுங்க" என்றார் பல் டாக்டர். "அது தன்னைத்தானே சோதிச்சுக்கும். எங்க சொத்தை இருக்குன்னு அதுவே கண்டுபிடிச்சிடும்."

"மெமரி நிறைய சாப்பிடும்னு சொல்றாங்களே டாக்டர்?"

"சாப்பிடட்டுமே. சாப்பிட்டா பல் உறுதியா இருக்குன்னு அர்த்தம்."

மனைவியின் தம்பி ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். அவனிடம் இதைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"பல் டாக்டர் பேச்சைக் கேட்டா டிஸ்க்ல கை வைப்பீங்க மாமா? பேசாம எல்.வி.எம். போடுங்க. எங்க ஆபீஸ் முழுக்க அதுதான்."

"உங்க ஆபீஸ்ல போன மாசம் எல்லாம் படுத்துடுச்சுன்னு சொன்னியே மாப்ள?"

"அது கரண்ட்டால வந்தது. கரண்ட்டுக்கு எல்.வி.எம். என்ன பண்ணும்?"

கண்ணாடிக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எல்.வி.எம். தெளிவாக இருந்தது. இசட்.எஃப்.எஸ்ஸும் தெளிவாக இருந்தது. கடைசியில் பல் டாக்டர் வெளியூர் போனதால் எல்.வி.எம். ஜெயித்தது.

சனிக்கிழமை மனைவி வரலாற்றுப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தையும் வாசித்து முடித்தாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நெருங்கிவிட்டது. மொத்தப் பதிவும் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொண்டை டாக்டரைப் பார்க்கக் கிளம்பும்போது வாசலில் நின்று, "நாளைக்கு நான் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க" என்றாள்.

"சேச்சே" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் தெருமுனை திரும்பியதும் மைத்துனன் புது டிஸ்க்கோடு வந்து சேர்ந்தான். அவள் திரும்பி வரும்போது கணினியில் விசாலமாக இடம் கிடக்கும், அசந்துபோவாள் என்பது திட்டம். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. இந்த மாதிரி விஷயங்களில் கெட்ட எண்ணம் இருந்தாலாவது ஆள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பான்.

கணினியை மேசைமேல் வைத்துத் திறந்தார்கள். பழைய டிஸ்க்கும் புது டிஸ்க்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. முதலில் பழையதில் இருப்பதையெல்லாம் அப்படியே புதியதில் நகலெடுக்க வேண்டும். பிறகு பழையதை அழித்து எல்.வி.எம். போட வேண்டும்.

மைத்துனன் விசைப்பலகையில் கைகளை வைத்துக்கொண்டு கேட்டான். "எதுலேர்ந்து எதுக்கு மாமா?"

"வலதுலேர்ந்து இடதுக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

இத்தனை வருடத் தொழிலில் அவர் எதிரே உட்கார்ந்தவர்களின் கண்களைப் பார்த்தே பழகியவர். எதிரே இருப்பவரின் வலது கண் நம்முடைய இடது கைப் பக்கம்தான் இருக்கும். கணினியும் எதிரேதான் உட்கார்ந்திருந்தது. அவர் கணக்குப்படி பழைய டிஸ்க் வலது கண். மைத்துனன் யாருக்கும் கண் பரிசோதனை செய்தவன் இல்லை. அவனுக்கு வலது என்றால் சோறு சாப்பிடும் கைப் பக்கம். அங்கே இருந்தது புது டிஸ்க்.

வேலை வழுவழுவென்று ஓடியது. ஒரு தடங்கல் இல்லை, ஒரு பிழைச் செய்தி இல்லை.

"எல்.வி.எம்முக்கு முன்னாடியே இவ்வளவு வேகம்னா, போட்ட பிறகு பறக்கும்போல இருக்கே" என்றார் கண்ணாடிக்காரர்.

"நான்தான் சொன்னேனே மாமா."

பாதி தாண்டியிருக்கும். மைத்துனன் திரையை உற்றுப் பார்த்தான். அப்புறம் டிஸ்க்குகளைப் பார்த்தான். அப்புறம் மாமாவைப் பார்த்தான். பேய் அறைந்தவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"மாமா, நீங்க வலதுன்னு சொன்னது எதை?"

கண்ணாடிக்காரர் இடது பக்கம் கையைக் காட்டினார்.

புது டிஸ்க்கில் இருந்த ஒன்றுமில்லாததை, ஒரு துளிகூட விட்டுவிடாமல், பழைய டிஸ்க்கின் மேல் அவர்கள் வெகு சிரத்தையாக நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் பாய்ந்து மின்சார ஒயரைப் பிடுங்கினான். அதுவரை பாதி அழிந்திருந்த டிஸ்க், அந்த அதிர்ச்சியில் மீதியையும் காட்ட மறுத்துவிட்டது.

"கவலைப்படாதீங்க. அழிஞ்சதை மீட்கிறதுக்கு ஒரு புரோகிராம் இருக்கு" என்று மைத்துனன் அவசர அவசரமாக அதை இறக்கி நிறுவினான். நிறுவிய பிறகுதான் எங்கே நிறுவினோம் என்று பார்த்தான். எந்த டிஸ்க்கில் மீட்க வேண்டுமோ அதே டிஸ்க்கில், மிச்சமிருந்ததில் ஒரு பகுதியின் மேல் அது கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

"போதும் மாப்ள. நீ இதுக்கு மேல உதவி பண்ணாத" என்றார் கண்ணாடிக்காரர்.

அந்தச் சமயம் வாசல் கதவு திறந்தது. மனைவி உள்ளே வந்து, கையிலிருந்த மருந்துச் சீட்டைக் காட்டினாள். பதினைந்து நாளைக்கு வாயைத் திறந்து பேசவே கூடாதாம். திறந்து கிடந்த கணினியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் விட்டத்தைப் பார்த்தான்.

பேசக்கூடாத மனைவியிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வது சுலபம் என்று யாராவது நினைத்தால் தப்பு. கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். வலது கண், இடது கண், ஒயர், புரோகிராம் வரைக்கும் சொன்னார். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சாவது விட்டிருப்பார். கடைசியில் டாக்டர் சொன்னதையும் மீறி, வெறும் காற்றுக் குரலில் கேட்டாள்.

"எல்லாமேவா? ஒண்ணுகூடவா மிச்சமில்ல?"

"ஒண்ணுகூட இல்லம்மா" என்றார்.

அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் போய்விட்டது, பரீட்சைக்குள் மறுபடி வாசிக்கவும் முடியாது. அலமாரிக்குள் புழுங்கிப் புழுங்கி அவள் வாசித்ததையெல்லாம் ஓர் அரை நாளில் துடைத்து எறிந்தது தன்னுடைய கைதான் என்பதை நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை. பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

"நான் வாசிக்கிறேன்" என்று அலமாரிக்குள் நுழைந்தார்.

மைத்துனன் செல்போனில் பதிவு செய்தான். முதல் பக்கம் முடிந்ததும் போட்டுக் கேட்டார்கள். ஒவ்வோர் அரசனின் பெயருக்குப் பிறகும், "இப்ப தெளிவா இருக்கா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டுக்கொண்டே போயிருந்தார்.

"மாமா, பிள்ளைங்க பரீட்சையிலயும் இதையே எழுதிட்டு வந்துடுவாங்க" என்றான் மைத்துனன். அதோடு அந்த முயற்சியும் நின்றது.

மறுநாள் காலையில் கடைவீதியின் கோடியில், கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுக் கொடுக்கும் கடையைத் திறக்குமுன்பே கணவனும் மனைவியும் வாசலில் நின்றார்கள். கடையை நடத்துகிற பெண், தலையை நிமிர்த்தாமல் டிஸ்க்கை வாங்கினாள்.

"என்ன ஆச்சு சார்?"

கண்ணாடிக்காரர் சொன்னார்.

"வெறும் டிஸ்க்கை நிறைஞ்ச டிஸ்க் மேல எழுதினீங்க. பாதியில ஒயரைப் பிடுங்கினீங்க. அப்புறம் அதுலயே புரோகிராமையும் போட்டீங்க." அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "வேற ஏதாவது பண்ணினீங்களா? தண்ணியில போட்டு அலசினீங்களா?"

"இல்லம்மா" என்றார் அவர், பணிவாக.

"முன்பாதியில இருந்தது போனது போனதுதான். பின்பாதியில என்ன தேறுதுன்னு பார்க்கிறேன். நம்பிக்கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்."

உள்ளே ஒரு கணினியில் டிஸ்க்கைச் செருகிவிட்டு அவள் வேறு வேலையைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அத்தனை பெரிய புத்தகம், பாதிதான் கிடைக்கும், பாதி வரலாற்றை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எப்படிப் பரீட்சை எழுதுவார்கள் என்று மனம் அலைந்தது. இனி ஜென்மத்துக்கும் டிஸ்க் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்தார். அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அதுதான். மனைவி கழுத்தில் சுற்றிய துணியோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ கேட்க வாயெடுத்து, மருந்துச் சீட்டை நினைத்து அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து அவளுடைய குரலே கேட்டது. தொண்டை கட்டுவதற்கு முந்தைய குரல், கணீரென்று வரலாற்றின் முதல் பாடத்தை வாசித்தது. கடைக்காரப் பெண் அதை நிறுத்திவிட்டு இன்னொன்றைப் போட்டாள். கடைசிப் பாடம்.

"எல்லாம் இருக்கு சார். முதல் பாடத்துலேர்ந்து கடைசி வரைக்கும், ஒண்ணு விடாம கிடைச்சிடுச்சு" என்றாள்.

கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மனைவியின் கையைப் பிடித்தார். அவள் கண்ணிலும் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. இன்றைக்கே பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடலாம். பிள்ளைகள் தப்பித்தார்கள், அவரும் தப்பித்தார்.

நிம்மதி வந்ததும் கூடவே பழைய புத்தியும் வந்தது. பாதி டிஸ்க் அழிந்த பிறகும் முழுப் புத்தகமும் எப்படிக் கிடைத்தது என்று அவர் யோசிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருந்தாலும் பாரும்மா" என்றார் கடைக்காரப் பெண்ணிடம், "டிஸ்க் நிரம்பினதாலதானே இவ்வளவு கஷ்டமும்? அன்னிக்கே நான் வால்யூம் மேனேஜர் போட்டிருந்தேன்னா, இடப் பிரச்சினையே வந்திருக்காது."

மனைவி அவசரமாகக் கடைக்காரப் பெண்ணைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். ஆனால் அந்தப் பெண் திரையை ஏற்கெனவே அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

"மேடம் வாசிச்சதெல்லாம் சேர்த்தாலும் டிஸ்க்ல ஒரு மூலைக்குத்தான் வரும் சார், மீதி இடத்தையெல்லாம் அடைச்சது அதே பாடத்தோட காப்பிங்கதான், தினமும் ஒண்ணா எடுத்து ஒவ்வொண்ணுக்கும் 'அவர் வால்யூம் மேனேஜர் போடுறதுக்கு முன்னாடி'ன்னு பேர் வெச்சிருக்காங்க."