பன்னிரண்டில் ஒரு பட்டாளத்தான்

உலகத்திலுள்ள அத்தனையையும் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் இருந்தார். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்ல நான் தயார். அவருடைய சொந்தப் பெயர் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த எனக்கே மறந்துவிட்டது என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டாம். எல்லோருக்கும் அவர் 'அடிமட்டம் பாஸ்'. கைவேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்போம். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் மெஷின்களைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் மர அடிமட்டம் ஒன்றைச் சட்டைக் காலருக்குள் முதுகுப்பக்கமாகச் சொருகியிருப்பார். அளக்கவும் அதுதான், முதுகு சொறியவும் அதுதான்.

பக்கத்து லயத்து வரிசை வீடொன்றில் ஒரு பிள்ளை பிறந்தது. வந்தவர்களெல்லாம் மூக்கு யார் சாடை, காது யார் சாடை என்று பார்த்துக்கொண்டிருக்க, இவர் அடிமட்டத்தை உருவினார்.

"இருவத்தோரு இஞ்ச். நம்ம கணக்குல ஒண்ணே முக்கால். சீட்டுக்கு அடியில தாராளமாப் படுக்க வைக்கலாம்."

பிள்ளையின் அப்பன் விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு உள்ளே போனான். தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையைக்கூட இவர் விட்டுவைக்கவில்லை. "தொரை அஞ்சே முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் கூடங்க. தொப்பி போட்டாருன்னா கூரையில இடிக்கும்" என்று ஒருநாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

எந்தக் கூரை என்று கேட்கிறீர்களா? அங்கேதான் கதை இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஒரு கொழுந்து லொறி இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன லொறி. அந்தக் காலத்துத் தொரை ஒருவர் அதை வாங்கி, பீரங்கி இழுத்த வண்டியைக் கொழுந்துச் சாக்கு இழுக்க விட்டுவிட்டார். சப்பை மூக்கு, நாலு சக்கரமும் இழுக்கும், சத்தம் மட்டும் இன்னும் போர்க்களத்தில் இருப்பதுபோல. பெயர் பட்டாளத்தான். அதை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர் செபமாலை டிரைவர். பெண்டாட்டி பிள்ளைகளிடம் பேசாத பேச்சையெல்லாம் அந்த லொறியிடம் பேசுவார். பட்டாளத்தானுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஏற்றத்தில் நின்றால் மெதுவாகப் பின்னால் உருளும். கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். "கல்லு போடு! கல்லு போடுறா!" என்று செபமாலை போடும் சத்தம் அக்கரப்பத்தனை வரைக்கும் கேட்கும் என்பார்கள். நான் நம்புகிறேன்.

அடிமட்டம் பாஸ் அந்த லொறியைச் சின்னதாகச் செய்யப்போகிறேன் என்று ஆரம்பித்தார். லொறியில் ஓர் அடி, அவருக்கு ஓர் அங்குலம். அதுவும் சும்மா அலமாரியில் வைக்கிற பொம்மை இல்லை. கம்பியில்லாமல், தூரத்தில் நின்று பொத்தானை அமுக்கினால் ஓடவேண்டும்.

அளக்கிறேன் பேர்வழி என்று அவர் பண்ணிய கூத்து கொஞ்சமில்லை. மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்க லொறி நிற்கும் நேரமெல்லாம் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் செபமாலை அந்தக் கால்களைப் பிடித்து இழுத்தே வெளியே போட்டார்.

"யோவ், வண்டியை எடுக்கணும். உசிரு மேல ஆசை இல்லியா?"

"ஒரு நிமிசம் டைவரண்ணே. ஒரு நட்டு மிச்சமிருக்கு."

"நட்டு கழண்டது லொறிக்கு இல்லய்யா, ஒனக்கு!"

இப்படித் திட்டினாலும் செபமாலைக்கு உள்ளூரப் பெருமைதான். அடுத்த வாரமே, "அந்தப் பக்கம் அளந்திட்டியா?" என்று அவராகவே விசாரித்ததை நான் காதால் கேட்டேன்.

சாமான் சேர்த்த கதை தனி. டீப்பெட்டியின் விளிம்புத் தகரம் சேசிஸ் ஆனது. பால்மா டின் வெட்டுப்பட்டு முன்பக்கம் ஆனது. குடைக்கம்பியை வளைத்து அடுக்கி வில் செய்தார். மழை பெய்யும் ஊரில் பத்து வீட்டுக் குடை ஒரே மாதத்தில் முடமானது. டயருக்கு ரப்பர் வேண்டும் என்று அவர் மனைவி பூரணத்தின் செருப்பு போயிற்று. புதுச் செருப்பு வாங்கினார்கள். ஸ்பேர் டயருக்கு அதுவும் போயிற்று.

"ஐயா, நீங்களாச்சும் கேளுங்க" என்று பூரணம் அக்கா வெறுங்காலோடு ஆபீசுக்கு வந்துவிட்டார். "நாங்க மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறதா, இல்ல இந்தாளுக்குச் சக்கரம் குடுக்கிறதா?"

கூப்பிட்டு விசாரித்தேன். "கவனிக்கல கிளாக்கரய்யா. ரப்பரைத்தான் பார்த்தேன், செருப்பைப் பார்க்கல" என்றார் பாஸ். இவர் முழுப் பைத்தியம் என்று அன்றைக்கே தீர்மானித்து, ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் விட்டேன்.

ரேடியோவுக்கு மட்டும் வழியில்லாமல் இருந்தது. எண்பதுகளின் ஆரம்பம் அது. வெளிநாட்டுச் சாமான் மெல்ல மெல்ல மலைக்கு ஏறிக்கொண்டிருந்த காலம். தொரை மகன் ஒரு ரிமோட் காரை உடைத்து வீச, பங்களா சமையல்காரர் வழியாக அது பாஸ் கைக்கு வந்துசேர்ந்தது. அந்த ரேடியோவுக்குத் தெரிந்த வித்தை இரண்டே இரண்டு. சும்மா விட்டால் முன்னால் ஓடும். பொத்தானை அமுக்கினால் பின்னால் போய்க்கொண்டே இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. வலப்பக்கம் போகவேண்டுமானால் இடப்பக்கமாகவே ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். "பட்டாளத்து வண்டி அப்பிடித்தாங்க, எதிரிக்குக் குறி தவறணும்ல" என்று பாஸ் விளக்கம் சொன்னார்.

லொறி பாதி உருவாகியிருந்தபோது ஒருநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் செய்தி வந்தது. பட்டாளத்தானுக்கு வயதாகிவிட்டதாம், பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்களாம், இனி டிராக்டர்தானாம். இரண்டே நாளில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். செபமாலை தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வளைவு வரைக்கும் பின்னாலேயே நடந்தார். அதற்குப் பிறகு மனிதர் வாயை மூடிக்கொண்டார். டிராக்டரை ஓட்டுவார், போவார், வருவார், பேச்சில்லை. மாதா கோயிலில்கூட உதடு அசைவதில்லை என்று கவலைப்பட்டார்கள்.

"செஞ்சு முடிச்சு அவர் முன்னால வைக்கிறேன் பாருங்க" என்று பாஸ் என்னிடம் சொன்னார். "'ஆமா, நம்ம பட்டாளத்தான்தான்'னு டைவரண்ணன் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

முடித்தும் விட்டார். நுவரெலியாவில் பழைய பேப்பர் கடையில் பட்டாளத்து வாகனப் படப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துச் செய்ததில் லொறி பளபளவென்று வந்திருந்தது. பச்சைப் பெயின்ட், கதவில் வெள்ளை நட்சத்திரம், எரிகிற விளக்கு, திறந்து மூடும் கதவு. நானே கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதைத் தட்டில் வைத்துச் சீர் கொண்டுபோவதுபோல் செபமாலை வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

செபமாலை பார்த்தார். சுற்றிப் பார்த்தார். மாதக்கணக்கில் திறக்காத வாயைத் திறந்தார்.

"இது யார் லொறி?"

"என்னாண்ணே, நம்ம பட்டாளத்தான்."

"நம்ம வண்டிக்கு எடது கதவு மூடுமா?"

பாஸ் குனிந்து கதவைப் பார்த்தார்.

"முன்னுக்கு ரெண்டு லைட்டும் எரியுமா? எந்தக் காலத்துலய்யா எரிஞ்சிச்சு? இது பட்டாளத்து லொறி. நம்ம லொறி இல்ல. கொண்டு போங்க."

கதவைச் சாத்திவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பாஸ் அந்தக் குட்டிக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தார். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. லயத்து வாசலில் நின்று, "அவர் சொல்றது சரிதாங்க கிளாக்கரய்யா" என்றார். "நான் நட்டைத்தான் அளந்தேன். நசுங்கினதை அளக்கல."

மறுநாளிலிருந்து, ஒரு வருஷம் பாடுபட்டுச் செய்த புத்தம்புது லொறியை உட்கார்ந்து பழசாக்க ஆரம்பித்தார். அசல் லொறி போயே போய்விட்டது. எங்கே நசுங்கியிருந்தது என்று யாரைக் கேட்பது? தோட்டத்தையே கேட்டார். பெரட்டில் நின்று, "பட்டாளத்தான் ஒடம்புல இருந்த காயமெல்லாம் யாருக்காச்சும் ஞாபகமிருக்கா?" என்று கத்தினார். அவ்வளவுதான். ஊரே திரண்டுவிட்டது.

"பின் பலகையில ஒரு ஓட்டை இருந்திச்சு பாஸ். நான் அதுலதான் கால் வச்சு ஏறுவேன்" என்றாள் கொழுந்து பறிக்கிற ஒருத்தி. "கோயில் வளைவுல மாடு முட்டுன எடம் எடது மட்காட்" என்றான் ஒருவன். மாடு எந்த நிறம் என்பதில் ஒரு மணி நேரம் சண்டை. ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்கையா மலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, கதவைக் கம்பியால் கட்டியிருந்த முடிச்சு எத்தனை சுற்று என்று சொல்லிவிட்டுப் போனார். பாஸ் ஒவ்வொன்றையும் பன்னிரண்டால் வகுத்து, சின்னச் சுத்தியலால் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டுவார். தள்ளி வைத்துப் பார்ப்பார். இன்னொரு தட்டு. கொழுந்துச் சாறு பூசிக் கறை ஏற்றினார். பூரணம் அக்காவே சாக்குத் துணியில் விரல் நீளத்துக்குக் கொழுந்துச் சாக்குகள் தைத்துக் கொடுத்தார். அவர் காலில் மூன்றாவது செருப்பு.

ஆயுத பூசை வந்தது. ஸ்டோரில் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தோம். மெஷின் வரிசையின் கடைசியில் பட்டாளத்தான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கவேண்டுமே, பாஸ் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் பூசிய நாலு மிளகு.

"என்னப்பா இது?" என்றார் பூசாரி.

"எலுமிச்சம்பழம் சாமி. நம்ம கணக்குல."

"அப்ப எனக்குத் தட்டுல போடுற தட்சணையையும் ஒன் கணக்குல போட்டுறாத" என்றார் பூசாரி. தொரைக்கு யாரோ சிங்களத்தில் சொல்லிப் புரியவைக்க, அவர் "ஹரி ஷோக்!" என்று கைதட்டிச் சிரித்தார். செபமாலை மட்டும் உள்ளே வரவில்லை. வெளியே, முன்பு லொறி வந்து நின்ற சரிவின் ஓரத்தில், கீழே ஓடும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்ததும் எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவது எங்கள் ஸ்டோர் வழக்கம். அதை பாஸ் மறந்துவிட்டார். அவர் லொறியை ஓட்டிப் பழகியதெல்லாம் லயத்து வாசலில். அங்கே ஏது மோட்டார்? மிளகை நசுக்க அவர் லொறியை முடுக்கியதும் மெஷின்களுக்குச் சுவிட்ச் போட்டதும் ஒன்றாக நடக்க, அத்தனை பழைய மோட்டாரும் பொறி பறக்க உறுமின. அந்தப் பொறி கிளப்பிய இரைச்சல் குட்டி ரேடியோவுக்குள் புகுந்துவிட்டது. யாரோ பொத்தானை அமுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பட்டாளத்தான் முன்னால் போகாமல் பின்னால் கிளம்பினான்.

மிளகு நசுங்கியது. லொறி பூசாரியின் காலுக்கிடையில் புகுந்தது. தொரை துள்ளி ஒதுங்கினார். பாஸ் பொத்தானை அமுக்குகிறார், விடுகிறார், பெட்டியைத் தட்டுகிறார், லொறி கேட்டால்தானே! வாசலைத் தாண்டி, சரிவில் இறங்கி, கொழுந்துச் சாக்குகள் ஆட, இடப்பக்கம் வளைந்தபடியே ஆற்றைப் பார்த்துப் பின்பக்கமாக உருண்டது.

அப்போது கேட்டது அந்தக் குரல். மெஷின் இரைச்சலையெல்லாம் மீறிக்கொண்டு.

"கல்லு போடு! கல்லு போடுறா! ஏய் பட்டாளத்தான், நில்லுடா!"

செபமாலை. கல் போடக் கிளீனர் இல்லை. அவரே ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக்கொண்டு பாய்ந்தார். வெள்ளை வேட்டியோடு சேற்றில் குப்புற விழுந்து, சக்கரத்துக்குப் பின்னால் கல்லைச் செருகினார். லொறி நின்றது. விளிம்புக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. நாங்கள் மூச்சு வாங்க ஓடிப் போனபோது அவர் எழுந்திருக்காமலே பாஸைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தன வருசமா சொல்றேன்? நம்ம பட்டாளத்தானுக்கு வலது பின் டயர்லதான்யா கல்லு போடணும்! எடதுல போட்டா நிக்கமாட்டான்!"

 பாஸ் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. செபமாலை வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"குடு அந்தப் பெட்டிய. ஒனக்கு ஓட்டத் தெரியல."

மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்டோர் வாசலில் பட்டாளத்தானை ஓட்டினார் செபமாலை. பொத்தானை அமுக்கியது போதாதென்று அந்தப் பெட்டியையே ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் திருப்பினார். வளைவுக்கு உடம்பைச் சாய்த்தார். "மெதுவா, மெதுவா, மாடு நிக்குது" என்று லொறியோடு பேசினார். தோட்டமே சுற்றி நின்று சிரித்தது. எல்லோரும் லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அடிமட்டம் பாஸ் மட்டும் செபமாலையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பைத்தியம் என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னவன் நான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். அந்த மனிதருக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும்போல் அவ்வளவு ஆசையாக இருந்தது.